ஏழு பெயர்களை ஒப்பிப்பதற்கு முன்: மொரீஷியசில் கணினி வலையமைப்புப் படிக்கத் தொடங்குவோருக்கு

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேலையைப் பாடநூல்கள் அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுகின்றன. கணினி வலையமைப்புப் படிக்க வரும் இளைஞர்களிடம் அந்த அடுக்குகள் எத்தனை என்று கேட்டால் ஏழு என்ற விடை உடனே வந்துவிடுகிறது. பெயர்களையும் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். அடுத்ததாக, "வீட்டில் இணையம் வேலை செய்யவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால், ரவுட்டரை அணைத்துப் போடுவேன் என்பதற்கு மேல் பலருக்கும் விடை வருவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எபேன் சைபர் நகரத்தில் முதன்முதலாக வேலைக்கு நேர்காணலுக்குப் போன அன்று ஏழு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிறகு, ஒரு கணினிக்குத் தன் பக்கத்து மேசையில் உள்ள கணினியும் பாரிசில் உள்ள கணினியும் வெவ்வேறு என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். என்னிடம் விடை இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லித் தந்தவர் ரோஸ் ஹில்லில் மாலை வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியை. புத்தகம் ஓர் அத்தியாயத்தில் முடித்துவிடும் பாடத்தை அவர் மூன்று மாதம் நடத்தினார். அவரிடம் கற்ற முறையையும், பின்னர் நானே சில மாணவர்களுக்குச் சொல்லித் தந்தபோது திருத்திக்கொண்டவற்றையும் சேர்த்து, பள்ளி இறுதித் தேர்வு முடித்துவிட்டு இத்துறைக்கு வர நினைப்பவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நம் ஊரில் வகுப்பு கிரியோலில் நடக்கிறது, புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, சந்தேகம் மட்டும் சிலருக்கு வீட்டு மொழியில் எழுகிறது. தமிழில் எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தல்

முதற்படி ஆசிரியரைத் தேடுவது. ஸ்விட்ச் என்பது பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. நல்ல ஆசிரியரை அடையாளம் காண, முதல் வகுப்பிலேயே "ஸ்விட்ச் எந்த அடுக்கில் இயங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாம் அடுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர் தேர்வுக்குத் தயார் செய்கிறவர். அடிப்படையில் அது இரண்டாம் அடுக்குக் கருவிதான், ஆனால் இப்போது விற்கும் ஸ்விட்சுகளில் பல மூன்றாம் அடுக்கின் வேலையையும் செய்கின்றன, ஆகவே கருவியைப் பார்க்காமல் அது அந்த நேரத்தில் எந்த முகவரியைப் படித்து முடிவெடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று விளக்குகிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பது இன்னும் நல்ல கேள்வி. அது எந்த ஓர் அடுக்கிலும் சரியாகப் பொருந்தாது; அதை ஒப்புக்கொள்ளத் தயங்காதவரே நமக்கு வேண்டியவர்.

இந்தப் பொருத்தமின்மைக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஏழு அடுக்கு மாதிரியைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 1984இல் தன் தரநிலையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு முழுவதும் டிசிபி/ஐபி என்ற நெறிமுறைகளுக்கு, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளுக்கு, மாறிவிட்டிருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் இணையம் அந்த இரண்டாவது குடும்பத்தின் வழிவந்தது. முதலாவது மாதிரி நமக்குச் சொற்களைத் தந்தது. பொறியாளர்கள் "இது மூன்றாம் அடுக்குப் பிரச்சினை" என்று பேசிக்கொள்வது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். ஆகவே ஏழின் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பௌதிக அடுக்கு, தரவு இணைப்பு அடுக்கு, வலையமைப்பு அடுக்கு, போக்குவரத்து அடுக்கு, அமர்வு அடுக்கு, உருவளிப்பு அடுக்கு, பயன்பாட்டு அடுக்கு. உழைப்பை முதல் நான்கிலும் கடைசி ஒன்றிலும் செலுத்துங்கள்.

இன்னோர் அடையாளமும் உண்டு. நல்ல ஆசிரியர் ஒரு கட்டளையைத் தட்டுவதற்கு முன் "என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? எழுதி வையுங்கள்" என்பார். எங்கள் ஆசிரியை இதில் மிகவும் கண்டிப்பானவர். எழுதாதவர் விசைப்பலகையைத் தொட முடியாது. எழுதியது தவறாகப் போகும்போதுதான் பாடம் தொடங்குகிறது என்பதால், எங்கள் குறிப்பேடுகளில் அடித்தல்களே அதிகம்.

தேவையான பொருள்கள்

பழைய மடிக்கணினிகள் இரண்டு, ஐந்து துளையுள்ள எளிய ஸ்விட்ச் ஒன்று, மூன்று கேபிள்கள், காகிதக் குறிப்பேடு ஒன்று. இவை போதும். மடிக்கணினியில் ஈதர்நெட் துளை இருப்பது முக்கியம். மெல்லிய புதிய மாதிரிகளில் அது இருப்பதில்லை, பழையதே நல்லது. போக்குவரத்தைப் பிடித்துப் பார்க்க வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அதை உங்கள் சொந்த வலையமைப்பில் மட்டும் இயக்குங்கள். பிறருடைய தகவல் பரிமாற்றத்தை அனுமதியின்றி இடைமறிப்பது நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்பு மற்றும் இணையக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். கல்லூரி விடுதி வைஃபையில் விளையாட்டாகச் செய்தேன் என்பது அங்கே செல்லாது.

இரும எண்களில் கூட்டல் கழித்தல் தெரியாதவர்கள் முதலில் ஒரு வாரம் அதற்கு ஒதுக்க வேண்டும். 192 என்பதை எட்டு பிட்டுகளாக, அதாவது எட்டு ஒன்று-சுழி இலக்கங்களாக, எழுதத் தெரியாமல் மூன்றாம் அடுக்குக்குப் போகிறவர் அங்கே கட்டாயம் சிக்கிக்கொள்வார்.

முதல் அடுக்கு: கையால் தொடக்கூடியது

பௌதிக அடுக்கு கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒன்றும் சுழியும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் சுழியுமாகவே போய்ச் சேர்கின்றனவா? அவற்றின் பொருள் என்ன, யாருக்குப் போகின்றன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இங்கே செய்ய வேண்டிய முதல் பயிற்சி ஒரு கேபிளின் முனையை நீங்களே பொருத்துவது. உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். வழக்கமான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சைச் சோடி மட்டும் ஏன் நீலச் சோடியின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்று புதியவர்கள் எரிச்சலடைவார்கள். நான் எல்லாச் சோடிகளையும் அடுத்தடுத்து அழகாக வைத்து, இரு முனைகளிலும் ஒரே மாதிரி பொருத்தி, சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்ததைப் பெருமையோடு காட்டினேன். ஆசிரியை ஒரு பெரிய கோப்பை அதன் வழியாக அனுப்பச் சொன்னார். வேகம் படுத்துவிட்டது. முறுக்கிய சோடியின் இரு கம்பிகளும் ஒரே சமிக்ஞையை எதிரெதிர்க் குறிகளில் சுமக்கின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின்மீதும் ஒரே அளவாக விழுவதால், மறுமுனையில் வேறுபாட்டை மட்டும் படிக்கும்போது இரைச்சல் நீங்கிவிடுகிறது. சமிக்ஞையின் ஒரு பாதி ஒரு சோடியிலும் மறு பாதி வேறு சோடியிலும் போனால் அந்தப் பாதுகாப்பு இல்லாமற்போகிறது. மின்தொடர்பு மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிக்கு இது தெரியாது. விளக்கு எரிவதும் அடுக்கு சரியாக இயங்குவதும் வெவ்வேறு என்பதை அன்று கற்றேன்.

அடுத்தது தொலைவும் நேரமும். தீவில் வாழும் நமக்கு இந்தப் பாடம் கண்டத்தில் வாழும் மாணவர்களைவிட எளிதாக விளங்கும், ஏனென்றால் வெளியுலகத்துக்குப் போகும் நம் ஒவ்வொரு செய்தியும் கடலைக் கடந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து ரெயூனியன் வழியாக வந்து தெற்குக் கரையில் பே து ஜாகோத்தேயில் கரையேறி, அங்கிருந்து கொச்சிக்கும் பினாங்குக்கும் செல்லும் சேஃப் கேபிள் 2002இல் இயங்கத் தொடங்கியது. மடகாஸ்கரோடு இணைக்கும் லயன் 2009இலும், தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் மெட்டிஸ் 2021இலும் வந்தன. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வெற்றிடத்தில் செல்வதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் போய்வர 10 மில்லிநொடி ஆகும். பாரிஸ் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 9,400 கிலோமீட்டர். எந்த நிறுவனத்திடம் எவ்வளவு பணம் கட்டினாலும் ஒளியிழை வழியாக 94 மில்லிநொடிக்குள் பாரிசுக்குப் போய்த் திரும்ப முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இதைவிடக் கணிசமாகக் கூடும்.

ரோட்ரிக்ஸ் தீவை வைத்துச் செய்யும் கணக்கு இதைவிட அழகானது. 2019இல் மார்ஸ் கேபிள் வரும்வரை அத்தீவு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி ஏறி இறங்கவே 72,000 கிலோமீட்டர், விடை திரும்பி வர அதே அளவு, ஆகக் குறைந்தது 480 மில்லிநொடி. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிளில் அதே பயணத்துக்கு 7 மில்லிநொடி. மேலடுக்குகளில் ஒரு வரிகூட மாறவில்லை. அதே உலாவி, அதே முகவரிகள். கீழடுக்கு மாறியதும் எல்லாமே மாறிவிட்டது.

வீட்டில் பார்க்க வேண்டியது ஒளியிழை வந்து சேரும் பெட்டியின் விளக்குகளை. பெரும்பாலான பெட்டிகளில் ஒளிச் சமிக்ஞை இழப்பைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரியும். புயலுக்குப் பிறகு அது சிவப்பாக இருந்தால் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கம்பத்தில் ஏறும் ஆளுக்குத்தான் வேலை.

இரண்டாம் அடுக்கு: பக்கத்து வீட்டுக்காரர்கள்

ஒரே ஸ்விட்சில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன என்பதே தரவு இணைப்பு அடுக்கின் கேள்வி. ஒவ்வொரு ஈதர்நெட் அல்லது வைஃபை இடைமுகத்துக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. செய்தி ஃபிரேம் என்ற உறையில் போகிறது; உறையின்மேல் அனுப்புநர், பெறுநர் இருவருடைய மேக் முகவரிகளும் இருக்கும்.

ஸ்விட்ச் எப்படிக் கற்கிறது என்பதை எங்கள் வகுப்பில் நாடகமாக நடித்தோம். நடுவில் நின்றவர் ஸ்விட்ச்; நாங்கள் நான்கு மூலைகளிலும் நின்று சீட்டு அனுப்பினோம். சீட்டு வந்ததும் அவர் பெறுநரைப் பார்ப்பதற்கு முன் அனுப்பியவரின் பெயரைப் பார்த்து, "இவர் இந்த மூலையில் இருக்கிறார்" என்று தன் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பெறுநர் எங்கே என்று தெரியாவிட்டால் வந்த மூலையைத் தவிர மற்ற எல்லா மூலைகளுக்கும் நகல் அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் தாள் நிரம்பி, நகல்கள் நின்றுவிட்டன. அதுதான் ஸ்விட்ச் முழுவதும். இருவர் கயிற்றால் இரண்டு ஸ்விட்சுகளை இரட்டையாக இணைத்தபோது ஒரு நகல் முடிவில்லாமல் சுற்றி வந்து வகுப்பே கூச்சலானது. உண்மையான வலையமைப்பிலும் அப்படித்தான் நடக்கும், அங்கே கூச்சல் கேட்காது என்பதுதான் வேறுபாடு.

மூன்றாம் அடுக்கும் உறைக்குள் உறையும்

நேர்காணலில் நான் விடை சொல்லாத கேள்வி இங்கேதான் இருக்கிறது. கணினி, வலையமைப்பில் தனக்குத் தரப்பட்ட எண் முகவரியான ஐபி முகவரியையும், அதில் முதல் எத்தனை பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்று சொல்லும் முன்னொட்டு நீளத்தையும் வைத்து, போக வேண்டிய முகவரி தன் வலையமைப்புக்குள் அடங்குகிறதா என்று கணக்குப் போடுகிறது. என் முகவரி 192.168.1.20, முன்னொட்டு 24 பிட் என்றால், 192.168.1 என்று தொடங்குபவை அனைத்தும் அக்கம்பக்கம்; வேறு எதுவானாலும் வெளியூர். அக்கம்பக்கம் என்றால், "இந்த ஐபி முகவரி யாருடையது? உங்கள் மேக் முகவரியைச் சொல்லுங்கள்" என்று ஏஆர்பி நெறிமுறை வழியாக அனைவரிடமும் கேட்டு, விடை தருபவருக்கு நேரே அனுப்புகிறது. வெளியூர் என்றால் வெளியே போகும் வாயிலாக (கேட்வே) அமைந்த ரவுட்டரின் மேக் முகவரியைக் கேட்டு அதனிடம் ஒப்படைக்கிறது. பாரிஸ் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இதை விளக்க எங்கள் ஆசிரியை தபாலை உவமையாக எடுத்துக்கொண்டார். 1847இல் தபால்தலை வெளியிட்ட தீவு இது. அவற்றைப் போர்ட் லூயிசில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கடிதம் எழுதியவர் என்ன எழுதினார் என்று பாராமல் உறையின் மேலுள்ளதை மட்டும் பார்த்துத் தபால்காரர் கொண்டுபோகிறார். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ள அடுக்கு தந்ததை இப்படித்தான் பிரித்துப் பார்க்காமல் தன் உறையில் இடுகிறது. உவமையைச் சொன்ன கையோடு அது எங்கே உடைகிறது என்பதையும் அவர் காட்டினார். தபாலில் ஒரே உறை கடைசிவரை போகிறது. வலையமைப்பில் வெளியுறையான ஃபிரேமை ஒவ்வொரு ரவுட்டரும் கிழித்தெறிந்துவிட்டு, அடுத்த கட்டத்துக்கான புதிய மேக் முகவரிகளோடு வேறு உறை போடுகிறது. உள்ளுறையான ஐபி பாக்கெட் மட்டும் கடல் கடந்து செல்கிறது. இந்த ஓர் இடத்தைப் புரிந்துகொள்ளும்வரை நான்காம் அடுக்குக்குப் போகாதீர்கள். வயர்ஷார்க்கைத் திறந்து, வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றுக்குச் செல்லும் பாக்கெட்டில் பெறுநரின் மேக் முகவரியைப் பாருங்கள். அங்கே இருப்பது உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரிதான் என்று காணும்போது ஐயம் தீர்ந்துவிடும்.

முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பவர்கள் யார் என்பதும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் உள்ளன. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கான ஆஃப்ரினிக் 2005இல் முறையான அங்கீகாரம் பெற்றது, அதன் அலுவலகம் எபேனில் இருக்கிறது. ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட், அதாவது மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்கள்தொகையைவிடக் குறைவு. அதனால்தான் உங்கள் கைபேசிக்கு வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 என்று தொடங்கும் முகவரி கிடைக்கிறது. ரவுட்டர் வெளியே போகும்போது அதைத் தன் பொது முகவரியாக மாற்றி எழுதி அனுப்புகிறது. ஆறாம் பதிப்பின் 128 பிட் முகவரியில் இந்தத் தட்டுப்பாடு இல்லை. தொடக்கத்திலேயே இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வோர் இருக்கிறார்கள். நான் நான்காம் பதிப்பை முழுமையாக முடித்துவிட்டுப் போகச் சொல்வேன், கணக்குகளைக் கையால் போட்டுப் பார்க்க அதுவே ஏற்றது. 24 பிட் முன்னொட்டுள்ள வலையமைப்பை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள், அவற்றுள் கருவிகளுக்குத் தரக்கூடியவை 62. இத்தகைய கணக்குகள் ஐம்பதைப் பேனாவால் போடுங்கள். இணையதளக் கணிப்பான்களை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள்.

பிறகு டிரேஸ்ரூட் கட்டளை. ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் வாழ்நாள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கிறது, சுழியானால் பாக்கெட்டைக் கொட்டிவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்கிறது. டிரேஸ்ரூட் இந்த எண்ணை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே அனுப்பி, வழியில் உள்ளவர்களை ஒருவர்பின் ஒருவராகப் பேசவைக்கிறது. சில வரிகளில் உடுக்குறி (*) மட்டும் வந்தால் வழி அறுந்துவிட்டது என்று பதறாதீர்கள். அந்த ரவுட்டர் விடை சொல்ல விரும்பவில்லை, அவ்வளவே. மொரீஷியஸ் நிறுவனம் ஒன்றின் தளத்துக்கும் வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்கும் இதைச் செய்து நேரங்களை ஒப்பிடுங்கள். உள்ளூர் வழங்குநர்கள் தங்களுக்குள் போக்குவரத்தைப் பரிமாறிக்கொள்ள இங்கே இணையப் பரிமாற்ற மையம் இருக்கிறது. இருந்தும், உள்ளூர் நிறுவனத்தின் தளம் 200 மில்லிநொடி தள்ளி நிற்பதைக் காண்பீர்கள், ஏனென்றால் அதன் சேவையகம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கும். கடை கியூர்ப்பிப்பில், கல்லா கடலுக்கு அப்பால்.

நான்காம் அடுக்கு: தீவுவாசிக்குத் தெரிய வேண்டிய ஒரு வகுத்தல்

மூன்றாம் அடுக்கு பாக்கெட்டுகளைக் கொண்டுபோக முயலுமே தவிர உறுதி தராது. தொலைந்தால் மீண்டும் அனுப்புவது, வரிசை மாறி வந்தால் அடுக்குவது, எந்த நிரலுக்கு உரியது என்று போர்ட் எனப்படும் எண் வழியாகச் சேர்ப்பது ஆகியவை போக்குவரத்து அடுக்கின் வேலை. இந்த அடுக்கின் நெறிமுறைகளில் ஒன்றான டிசிபி முதலில் மூன்று செய்திகளால் கைகுலுக்கிக்கொள்கிறது. அனுப்பலாமா, அனுப்பலாம், நானும் தயார். மற்றொரு நெறிமுறையான யுடிபி கைகுலுக்குவதில்லை, தொலைந்ததைத் தேடுவதும் இல்லை. குரல் அழைப்பில் தொலைந்த சொல் இரண்டு நொடி கழித்து வந்து பயனில்லை என்பதால் அங்கே யுடிபி பொருத்தமானது.

மாணவர்களிடம் நான் கட்டாயம் போடச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. டிசிபி, பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை வருவதற்கு முன் எவ்வளவு தரவை அனுப்பலாம் என்று ஒரு சாளர அளவு வைத்திருக்கிறது. தொடக்கத்தில் அதன் உச்ச வரம்பு 65,535 பைட் (ஒரு பைட் எட்டு பிட்). போய்வரும் நேரம் 200 மில்லிநொடி என்றால், நொடிக்கு ஐந்து முறைதான் சாளரம் காலியாகும். 65,535ஐ எட்டால் பெருக்கி ஐந்தாலும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 26 லட்சம் பிட், அதாவது 2.6 மெகாபிட். உங்கள் இணைப்பு 100 மெகாபிட்டாக இருந்தாலும் ஒரு டிசிபி தொடர்பில் அதற்குமேல் வராது. இதனால்தான் 1992இல் சாளரத்தைப் பெரிதாக்கும் வழி வரையறுக்கப்பட்டது, இன்றைய இயங்குதளங்கள் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் வழியில் பழைய கருவி ஏதேனும் அந்த விருப்பத்தை அழித்துவிட்டால் பழைய வரம்பு மீண்டும் தலைதூக்கும். அப்போது இணைப்பின் வேகத்தைக் கூட்டிப் பணம் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேலுள்ள மூன்றும்

அமர்வு அடுக்கை ஒரு பத்தியில் படித்துவிட்டுக் கடந்து செல்லுங்கள். உருவளிப்பு அடுக்குக்குத் தமிழரிடம் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. "அ" என்ற எழுத்தை, எழுத்துகளை எண்களாக்கும் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள் ஆகிறது. "தமிழ்" என்ற சொல்லில் கண்ணுக்கு மூன்று எழுத்துகள், குறியீட்டு முறையில் ஐந்து, கம்பியில் பதினைந்து பைட்டுகள். மறையாக்கம் இல்லாத சோதனைச் சேவையகம் ஒன்றை உங்கள் இரண்டாவது மடிக்கணினியில் அமைத்து, அதிலிருந்து ஒரு தமிழ் வரியை வரவழைத்து வயர்ஷார்க்கில் பாருங்கள். 224ஐத் தொடர்ந்து 174 அல்லது 175 என்று திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். நம் ரூபாய்த் தாளில் அச்சாகும் எழுத்து கேபிளுக்குள் எப்படி இருக்கும் என்று பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறெந்தப் பாடமும் தரவில்லை.

பயன்பாட்டு அடுக்கில் முதலில் டிஎன்எஸ் கற்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தரும் இந்த ஏற்பாடு பழுதானால், இணையமே போய்விட்டதுபோல் தோன்றும். பிங் என்பது மறுமுனை விடை சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை. எண் முகவரிக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் கீழ் மூன்று அடுக்குகளும் நலமாக இருக்கின்றன என்று பொருள்.

பழுது பார்க்கும் பயிற்சி

அடுக்குகளைக் கற்பதன் பயன் பழுது பார்ப்பதில்தான் தெரியும், அதில் நான் ஒருமுறை நன்றாகத் தோற்றேன். தைப்பூசக் காவடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கோயில் அலுவலகத்தில் பாதிக் கணினிகளுக்கு இணையமும் இல்லை, அச்சுப்பொறியும் கிடைக்கவில்லை. நான் கேபிள்களை மாற்றத் தொடங்கினேன். மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தால் சில கணினிகள் சரியாகிவிட்டன. கேபிள்தான் பழுது என்று உறுதியாக நம்பினேன். மாலையில் சரியானவை மீண்டும் கெட்டன, கெட்டவற்றில் ஒன்று தானாகவே சரியானது. ஆசிரியைக்குத் தொலைபேசியில் புலம்பினேன். "தம்பி, கெட்ட கணினிக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை, மிஸ் என்றேன். மறுமுனையில் மௌனம்.

சரியாக இருந்தவற்றின் முகவரி 192.168.0 என்றும், கெட்டவற்றின் முகவரி 192.168.1 என்றும் தொடங்கியது. காவடியை நேரலையாகக் காட்ட வைஃபை போதவில்லை என்று ஒரு தொண்டர் வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து ஸ்விட்சில் செருகியிருந்தார். அதுவும் முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை நடத்திக்கொண்டிருந்தது. மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு கணினியும் முகவரி கேட்கும்போது யார் முந்திக்கொண்டு விடை சொன்னாரோ அவர் தந்ததைப் பெற்றது. இரண்டாவது ரவுட்டருக்கு வெளியுலகத் தொடர்பே இல்லாததால் அதை நம்பியவை இருட்டில் நின்றன. நான் கேபிளை மாற்றியபோது குணமானவை கேபிளால் குணமாகவில்லை. அந்த ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, கணினிகளைப் புதிய முகவரி கேட்கச் சொன்னதும் எல்லாம் சரியாகின.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். கணினிக்குக் கிடைத்த முகவரி என்ன என்று பார்ப்பேன், 169.254 என்று தொடங்கினால் முகவரி வழங்குபவர் யாரும் விடை தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பிறகு வாயில் ரவுட்டருக்குப் பிங், வெளியே ஓர் எண் முகவரிக்குப் பிங், கடைசியாக ஒரு பெயருக்குப் பிங். ஐந்து நிமிடம் ஆகும். எந்தப் படியில் தடை வந்ததோ அதற்கு மேல் எதையும் தொடமாட்டேன். விடை தெரியும்முன் எதையும் மாற்றவும் மாட்டேன்.

வகுப்புத் தோழர் ஒருவரோடு சேர்ந்து இதைப் பழகுங்கள். நீங்கள் வெளியே போய் ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் அவர் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைக்கட்டும்: கேபிளைப் பாதி இழுத்து வைப்பது, முன்னொட்டு நீளத்தை மாற்றுவது, டிஎன்எஸ் முகவரியில் ஓர் எண்ணைப் பிழையாக்குவது. எந்த அடுக்கு என்று கண்டுபிடித்தபின் இடம் மாறிக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை வீதம் இரண்டு மாதம் செய்தால் போதும்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு தாளை எடுத்து, உலாவியில் ஒரு முகவரியைத் தட்டி விசையை அழுத்தியதிலிருந்து பக்கம் திரையில் வரும்வரை நடப்பவற்றை, டிஎன்எஸ் கேள்வி, ஏஆர்பி, ஃபிரேம், ரவுட்டர், கைகுலுக்கல் என்று வரிசையாக ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே ஒரு கோடிட்டு, அந்தத் தாளை அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கொடுங்கள்.